சிறுவயதில் கண்ட வன்முறை மரபணுவில் பதிந்துவிடுமா? 14 வயதுப் பையனைக் குறித்து ஒரு கேள்வி

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகன் சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வளர்கிறான். இப்போது 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பதை விவரம் தெரிந்த நாள் முதல் ஒன்பது வயது வரை பார்த்தவன். தடுக்கப் போய்த் தானும் அடி வாங்கியவன். தங்கை அவனைச் சுமந்திருந்த மாதங்களிலும் அந்த வீட்டில் நிம்மதி இருந்ததில்லை. இப்போது அவள் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை கிடைக்கும்போது வந்து மகனைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

எங்களிடம் வந்த புதிதில் பேசாமலே இருந்தான். கடந்த ஓராண்டாகப் பள்ளியிலிருந்து புகார் மேல் புகார் வருகிறது. பின்னாலிருந்து தோளில் கைவைத்த மாணவனை, யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் முகத்தில் குத்திவிட்டான். வகுப்பைத் தவிர்க்கிறான், கேட்டால் பொய் சொல்கிறான். இரவில் தெருக்கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவான். என் கணவர் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளாடாமல் நேராக நடந்து வருகிறாரா என்று இருட்டில் நின்று பார்த்த பிறகுதான் படுக்கப் போவான். என் கணவர் குடிப்பழக்கம் இல்லாதவர்; அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

என் மாமியார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அப்பன் ரத்தம் எங்கே போகும்?" என்கிறார். படித்த உறவினர் ஒருவரோ, எபிஜெனெடிக்ஸ் என்ற துறை இதை நிரூபித்துவிட்டதாகவும், சிறுவயது மன அழுத்தம் மரபணுவின் மீதே அடையாளம் இட்டுவிடுவதாகவும், எச்சிலை அனுப்பினால் அதைக் கண்டறிந்து தரும் தனியார் ஆய்வகம் ஒன்று இருப்பதாகவும் சொல்கிறார். கட்டணம் எங்களுக்குப் பெரிய தொகைதான். பையனுக்கு உதவும் என்றால் எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் அந்த முடிவு அவனுக்கு உதவுமா, அல்லது அவன் மேல் இன்னொரு முத்திரையாக விழுமா என்று அஞ்சுகிறேன். அப்படி ஒரு பதிவு உண்மையிலேயே இருக்கிறதா, அது அழியாததா, நாளை அவன் பிள்ளைகளுக்கும் போகுமா என்பதைத் துறை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி எழுதியது:

சகோதரி, டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதி அடையாளங்களை அளப்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பணம் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம். ஒரு தனிப்பட்ட சிறுவனின் எச்சிலை வைத்து அவனுடைய நடத்தையின் காரணத்தையோ எதிர்காலத்தையோ சொல்லக்கூடிய எபிஜெனெடிக் பரிசோதனை எதுவும் இன்று உலகில் எங்கும் மருத்துவப் பயன்பாட்டில் இல்லை.

உங்கள் உறவினர் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. வரிசைதான். ஆயினும் கல்லீரல் அணு கல்லீரலாகவும் நரம்பணு நரம்பாகவும் இயங்குகின்றன என்றால், எந்த மரபணு எங்கே எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை முறைப்படுத்தும் வேதி அடையாளங்கள் அந்த வரிசையின் மேல் இருப்பதே அதற்குக் காரணம். எபிஜெனெடிக்ஸ் ஆராய்வது இந்த அடையாளங்களைத்தான். அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது மெத்தில் குழு. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது மிகுதியாக ஏறினால், பொதுவாக அந்த மரபணுவின் செயல் குறையும். எழுத்து வரிசை அப்படியே இருக்கும்.

இதை மன அழுத்தத்தோடு இணைத்த புகழ்பெற்ற ஆய்வு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் ஆகியோரின் குழுவினர் 2004இல் வெளியிட்டது. தாய் எலிகளில் சில தம் குட்டிகளை ஓயாமல் நக்கித் தடவும். சில அவ்வளவாகச் செய்வதில்லை. பிறந்த முதல் வாரத்தில் அந்தத் தொடுதல் குறைவாகக் கிடைத்த குட்டிகளின் மூளையில், ஹிப்போகாம்பஸ் பகுதியில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோல் வகை ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கான) மரபணுவில் மெத்தில் குழுக்கள் கூடுதலாக ஏறியிருந்தன. அந்த ஏற்பி குறைந்தால், அழுத்த ஹார்மோன் சுரந்தது போதும் என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. சிறு அதிர்ச்சிக்கும் உடல் நெடுநேரம் பதறும். இந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. தொடுதல் குறைந்த தாய்க்குப் பிறந்த குட்டியைப் பிறந்தவுடன் நன்றாகத் தடவும் தாயிடம் மாற்றி வளர்த்தபோது, குட்டியின் மெத்தில் அமைப்பு வளர்த்த தாயின் குட்டிகளை ஒத்திருந்தது. வளர்ந்த எலியின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தி அந்த அடையாளத்தைக் குறைக்கவும் அவர்களால் முடிந்தது. ரத்தம்தான் எல்லாம் என்ற வாதத்தை இந்த எலிகளே மறுத்துவிட்டன.

மனிதர்களிடம் 2009இல் அதே குழுவினர் தேடினர். தற்கொலையால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களைப் பார்த்ததில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அதே ஏற்பி மரபணுவில் மெத்தில் கூடியிருந்தது; கொடுமை அனுபவமில்லாதவர்களிடம் அப்படி இல்லை. ஆனால் ஒரு பிரிவுக்கு 12 பேர் என்ற அளவில் நடந்த சிறிய ஆய்வு அது. மேலும், உயிரோடிருப்பவரின் மூளைத் திசுவை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே இளம்பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ரத்தத்தையோ எச்சிலையோ நம்பியிருக்கின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

எச்சில் மாதிரியில் இருப்பவை கன்னத்தின் உட்புறத் தோலணுக்களும் ரத்த வெள்ளை அணுக்களும். இரண்டிற்கும் மெத்தில் அமைப்பு வேறு வேறு. ஈறு வீங்கியிருக்கும் நாளில் மாதிரி எடுத்தால் வெள்ளை அணுக்களின் பங்கு உயர்ந்து, மொத்தச் சராசரியே மாறிவிடும். நாங்கள் டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளால் வினைப்படுத்துவோம். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் இல்லாவிட்டால் யுராசில் என்ற வேறோர் எழுத்தாக மாறும், மெத்தில் உள்ளது மாறாமல் நிற்கும், மாறியதையும் மாறாததையும் எண்ணி விகிதம் காண்போம். அழுத்தத்துக்கு ஆளானவர்களுக்கும் ஆளாகாதவர்களுக்கும் இடையே ஆய்வுகள் சொல்லும் வேறுபாடு பெரும்பாலும் சில சதவீதப் புள்ளிகளே. அணுக்களின் கலவை மாறுவதாலேயே அந்த அளவு ஏற்ற இறக்கம் வந்துவிடும். நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் அதற்குப் பொருள் காணலாம். ஒருவனுடைய ஒரு குப்பி எச்சிலில் காண முடியாது.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் நிற்பது, 1994, 1995 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு. அடி, புறக்கணிப்பு, வீட்டில் பெற்றோர் சண்டை, பள்ளியில் சீண்டல் என்று அவர்கள் சந்தித்தவற்றை ஐந்து வயது முதல் விரிவாகப் பதிவுசெய்து, 18 வயதில் ரத்தத்தில் மெத்தில் அமைப்பை அளந்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு பலரின் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. கிடைத்த தொடர்புகள் மிகச் சில. அவையும் புகைபிடிக்கும் பழக்கத்தைக் கணக்கில் கொண்டபோதோ, இரட்டையரில் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டபோதோ நிலைக்கவில்லை. புகையிலை ரத்தத்தின் மெத்தில் அமைப்பில் மிகத் தெளிவான தடம் விடும். துன்பப்பட்ட பிள்ளைகள் புகைபிடிக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், புகையின் தடத்தைத் துன்பத்தின் தடமாகப் படித்துவிடும் ஆபத்து இத்துறையில் எப்போதும் இருக்கிறது. மேலே சொன்ன ஏற்பி மரபணு உட்பட, அழுத்தத்தோடு தொடர்புடைய ஆறு மரபணுக்களைத் தனியே எடுத்துப் பார்த்தும் எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் போகுமா என்பதற்கு விடை: இந்த அடையாளங்களில் பெரும்பகுதி, விந்தும் கருமுட்டையும் உருவாகும்போது ஒரு முறையும், கருவுற்றபின் தொடக்க நாள்களில் மறுமுறையும் துடைக்கப்படுகின்றன. யூத இன அழிப்பில் உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி 2016இல் வந்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதில் இடம்பெற்ற உயிர் பிழைத்தவர்கள் 32 பேர், அவர்களின் பிள்ளைகள் 22 பேர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சிறுவனின் பேரப்பிள்ளைகள் வரை தீர்ப்பு எழுதுவது நியாயமன்று.

இளவேனில் எழுதியது:

குழந்தை மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு மாணவி நான். நுண்ணோக்கி சொன்ன எச்சரிக்கைகளை ஏற்கிறேன். பரிசோதனை வேண்டாம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவர் பதிலைப் படிப்பவர்கள் மனிதரிடம் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மியூனிக்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மனநல ஆய்வு நிறுவனத்தின் குழு 2013இல் எஃப்.கே.பி.பி.5 என்ற மரபணுவை ஆராய்ந்தது. கார்டிசோல் ஏற்பியின் உணர்திறனைக் குறைக்கும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணு. அதன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பிறவியிலேயே பெற்றவர்கள் சிறுவயதில் கொடுமைக்கும் ஆளாகியிருந்தால், அந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெத்தில் குழுக்கள் குறைந்திருந்தன; அதாவது அந்த மரபணு கூடுதலாக வேலை செய்ய வழி இருந்தது. வளர்ந்த பிறகு துன்பப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித நரம்பு முன்னோடி அணுக்களில் (நரம்பணுவாக வளரக்கூடிய அணுக்களில்) கார்டிசோலை ஒத்த மருந்தைச் சேர்த்தபோதும் அதே இடத்தில் மெத்தில் குறைந்து, மருந்தை எடுத்த பிறகும் அப்படியே நீடித்தது. ரத்தத்தில் மட்டும் கண்ட தொடர்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கர்ப்ப காலத்தைப் பற்றியும் நீங்கள் குறிப்பிட்டதால் இன்னொன்று. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உறைபனி மழை கொட்டி மின்கம்பங்கள் சரிந்தன. கடுங்குளிரில் சில வீடுகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகளைச் சூசன் கிங் தலைமையிலான குழு தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 36 பேருக்கு 13 வயதானபோது ரத்தத்தின் டி அணுக்களை (நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை) அளந்து பார்த்ததில், தாய் மனத்தளவில் எவ்வளவு கலங்கினாள் என்பதோடு மெத்தில் வேறுபாடுகளுக்குத் தொடர்பு காணப்படவில்லை. எத்தனை நாள் மின்சாரமில்லை, வீட்டுக்கு என்ன சேதம் என்பன போன்ற புறக் கஷ்டங்களோடுதான் தொடர்பு காணப்பட்டது. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆயினும், கர்ப்பிணி மனத்தைத் திடமாக வைத்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று உங்கள் தங்கையை யாரேனும் குறைசொன்னால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அடித்தவன் இருக்க, அடிபட்டவளின் மன உறுதியை விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. அதற்கு விஞ்ஞானமும் துணைபோவதாகச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாண மாவட்டத்தில் சிறுவர்களுக்கான உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளைப் பற்றிய ஒரு ஆய்வு இங்கே பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். 2004 கடற்கோளுக்குப் (சுனாமிக்குப்) பின், இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை நேரில் கண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. போரையும் கடலையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். அத்தனை பேரழிவுக்கு நடுவிலும், வீட்டுக்குள் ஏதேனும் ஒரு விதமான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். பிள்ளைக்கு வீட்டில் கிடைத்த கொடுமையின் அளவோடு குறிப்பிடத்தக்க தொடர்புடையவையாக இருந்தவை இரண்டு: முன்னர் பட்ட போர் அனுபவம், தகப்பனாரின் குடிப்பழக்கம்.

போர் குடும்பத்தை நெரிக்கிறது, குடி கூடுகிறது, அடி பிள்ளையின் மேல் விழுகிறது. ஒரு தலைமுறையின் துன்பம் அடுத்த தலைமுறைக்குப் போகும் வழியை இங்கே கண்ணாலேயே பார்க்க முடிகிறது. அதைக் காண மெத்தில் குழுவை அளக்க வேண்டிய தேவையில்லை. உங்கள் மகன் விடயத்தில் அந்த வழி அவனது ஒன்பதாவது வயதில் அடைக்கப்பட்டது. அடைத்தது நீங்களும் உங்கள் கணவரும், அவனை உங்களிடம் ஒப்படைத்த தாயும்தான். அந்தத் தாயைப் பற்றி அவன் முன்னால் எவரும் குறைவாகப் பேச இடம் கொடுக்காதீர்கள். "அப்பன் ரத்தம்" என்ற சொல் அவன் காதில் விழாமலும் பாருங்கள். எங்களிடம் வரும் பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர், தகப்பனைப் போலவே தாங்களும் ஆகிவிடுவோமோ என்ற பயத்தை எவரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பரிசோதனை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. எலிக்கு முதல் வாரம் என்றால், மனிதப் பிள்ளைக்கும் முதல் சில ஆண்டுகளோடு வாய்ப்பு முடிந்துவிடுமா? அவன் எங்களிடம் வந்ததே ஒன்பது வயதில்தான். இனி நாங்கள் செய்வது பலிக்குமா? அடுத்து, இன்னொரு புகார் வந்தால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிடுவதாகப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் எதைச் சொல்லி நேரம் கேட்பது?

நுண்ணோக்கி எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். தொடக்க ஆண்டுகள் முக்கியமானவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஆதரவற்றோர் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளே பல அளவைகளில் அதிகம் தேறினர். ஆயினும் அதே ஆய்வில் 16 வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, குடும்பத்தில் வளர்ந்தவர்களிடம் விதிமீறல், முரட்டுத்தனம் முதலிய நடத்தைச் சிக்கல்கள் விடுதியிலேயே விடப்பட்டவர்களைவிடக் குறைவாக இருந்தன.

பருவ வயதைப் பற்றிய செய்தி இன்னும் நேரடியானது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் குன்னர் குழுவினர், விடுதிகளிலிருந்து தத்தெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகளாக நல்ல குடும்பங்களில் வளரும் பிள்ளைகளை 7 முதல் 15 வயதுக்குள் ஆண்டுக்கு ஒரு முறை வரவழைத்து, முன்பின் தெரியாதவர்கள் முன் பேசச் சொல்லி, எச்சிலில் கார்டிசோலை அளந்தனர். பூப்புக்கு, அதாவது ஆணோ பெண்ணோ பருவமடைவதற்கு, முன் அந்தப் பிள்ளைகளின் கார்டிசோல் எழ வேண்டிய அளவுக்கு எழவில்லை; சிறுவயதில் பட்ட பாடு, அழுத்தத்துக்கு எதிர்வினையாற்றும் உடல் அமைப்பை (அழுத்த மண்டலத்தை) மந்தப்படுத்தியிருந்தது. பூப்பு முன்னேற முன்னேற, அவர்களுடைய எதிர்வினை சொந்தப் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுடையதை ஒத்துவந்தது. 2019இல் வெளியான முடிவு இது. அழுத்த மண்டலம் தன்னைத் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்பு ஒன்று பூப்புக் காலத்தில் இருக்கிறது என்றும், அந்த நேரத்தில் பிள்ளையைச் சுற்றி இருக்கும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதே அதற்கு முக்கியம் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். ஹார்மோன் சீரானால் நடத்தையும் தானாகச் சீராகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் 14 வயதில் கதவு மூடிவிட்டது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

வகுப்பறை எழுதியது:

பள்ளி ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மரபணுவைப் பற்றிப் பள்ளியில் எதுவும் பேச வேண்டாம். "இவனுக்கு மரபணுவிலேயே பிரச்சினையாம்" என்று அது ஆசிரியர் அறைக்குள் மாறிவிடும். அவன் குத்தியது எந்தச் சூழ்நிலையில் என்பதை மட்டும் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்: பின்னாலிருந்து எதிர்பாராமல் தொட்டபோது. வன்முறைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளையின் உடல், யோசிப்பதற்கு முன்பே தற்காத்துக்கொள்ளப் பழகியிருக்கும். அவனைச் சுவரை ஒட்டிய கடைசி வரிசையில், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாதபடி உட்கார வைக்கவும், பின்புறமிருந்து தொட்டுக் கூப்பிடாமல் முன்னால் வந்து பெயர் சொல்லி அழைக்கவும், கோபம் ஏறும்போது அனுமதி கேட்காமல் வெளியே வந்து நிற்க ஓர் இடம் குறித்துக் கொடுக்கவும் கேளுங்கள். பணம் செலவாகாத கோரிக்கைகள் என்பதால் பெரும்பாலான பள்ளிகள் மறுப்பதில்லை. அடிபட்ட மாணவனின் பெற்றோரை நீங்களே போய்ப் பாருங்கள். பையனும் உடன் வந்து வருத்தம் தெரிவிக்கட்டும். காரணம் புரிந்துவிட்டது என்பதற்காகச் செய்ததற்குப் பொறுப்பேற்பதிலிருந்து அவனை விடுவிக்கக் கூடாது.

கூடவே மருத்துவரையும் பார்த்தாக வேண்டும். தூக்கமின்மை, ஓசைக்குத் திடுக்கிடல், ஓயாத கண்காணிப்பு ஆகிய மூன்றையும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது வெறும் சேட்டையாக எனக்குத் தோன்றவில்லை; அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடியா என்று மனநல மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் மருந்தைவிட முதலில் பேச்சுவழிச் சிகிச்சையைத்தான் பரிந்துரைப்பார்கள். அதில் வளர்ப்பவருக்கும் பங்கு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளர் பிரிவில் கட்டணம் இல்லை. போவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தந்தையால் மீண்டும் ஏதேனும் அச்சுறுத்தல் வந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைத் தயங்காமல் அழையுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வேண்டுகோள். ஷிஃப்ட் முடிந்து தெருமுனைக்கு வந்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த அழைப்பைப் பையனையே எடுக்கச் சொல்லி, "வந்துவிட்டேன், கதவைத் திற" என்று தினமும் சொல்லட்டும். தாழ்ப்பாள் ஓசை எதிர்பாராமல் வராமல், அவனே போய்த் திறக்கும் ஓசையாக இருக்கட்டும். சில வாரங்கள் செய்து பார்த்துவிட்டு, அவன் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்தக் குறிப்பு அவருக்கு மிகவும் பயன்படும்.